சீட்டு

ஆண்டின் கடைசி ராத்திரி.
நன்றி எழுதிப் போடச் சொல்லி
கோயில் வாசலில் துண்டுத்தாள் கொடுத்தார்கள்.
பஸ் சீட்டைவிடக் கொஞ்சம் பெரிது.
முழங்காலில் வேதாகமத்தை வைத்து, அதன்மேல் தாளை வைத்து
'ஆண்டவரே' என்று எழுதினேன்.
கால்வாசி அதிலேயே போய்விட்டது.

வேதாகமத்துக்குள் கிடக்கிறது இந்த வருடம்.
வாங்கிய சீட்டு எதையும் நான் எறியவில்லை.
பெர்க்மான்ஸ் கேலி பேசுவார்:
"கண்டக்டரம்மா, சங்கீதம் எத்தனாம் நம்பர் பஸ்சு?"

குறும்பனையில் ஏறி திங்கள்சந்தை,
அங்கிருந்து ஆட்டோவில் இரணியல்,
பிறகு ரயில்: குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை,
துக்க தேவ இரகசியம்போல வரிசை மாறாமல்
திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிவரை.
பதினான்கு தடவை.
சிலுவைப்பாதைக்கும் அதே கணக்கு.
நான் நேர்ந்துகொண்டதல்ல,
டாக்டர் எழுதித் தந்தது.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு தலையில் ஒரு முடி இல்லை.
பூசைக்குப் போகிறவளுக்கு முக்காடு புதிதா?
ஆறு ஞாயிறு யாருக்கும் தெரியாமல் ஓடியது.
ஏழாவது ஞாயிறு கடற்காற்று காட்டிக்கொடுத்தது.
அன்று சாயங்காலமே
மீனும் மரச்சீனிக் கிழங்கும் வந்தன
நான் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த வீட்டிலிருந்து.
ஒரு வார்த்தையும் இல்லை. பாத்திரம் மட்டும்.

ஜூன் மாதத்துப் பக்கத்தில் வங்கிச் சீட்டு.
ரெக்ஸலின் வாங்கிய முதல் சம்பளம்.
கேட்காமல் கொளச்சலுக்குப் போய்
அடகிலிருந்த என் சங்கிலியை மீட்டு
அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள்.
உலை வைக்கப் போனவள்
அரிசியும் கையுமாக நின்றேன்.

மைல்கற்களை ரயிலில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
எல்லாக் கல்லும்
இனி எவ்வளவு என்றுதான் சொல்கிறது.
இவ்வளவு தூரம் வந்துவிட்டாய் பெண்ணே என்று
ஒரு கல்லும் சொல்வதில்லை.
அதைச் சொல்ல
ஸ்கேன் அறையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள்.
"சேச்சி, குறைஞ்சிட்டுண்டு" என்றாள்.
அவள் பேர்கூட நான் கேட்கவில்லை.

அக்டோபரில் எங்கள் வெள்ளிவிழா.
நாகர்கோவிலில் ஏறி கோவாவுக்குப் போனோம்.
மங்களூர் தாண்டியதும் மலைக்குகைகள்.
குகைக்கு ஒரு மணி என்று உருட்டினேன்,
இருட்டுக்கு ஓர் அருள்நிறைந்த மரியே.
மூன்று பத்து முடியுமுன் மட்காவ் வந்துவிட்டது.
உயரத்தில், வெள்ளிப் பேழைக்குள் சவேரியார்.
மனப்பாடம் பண்ணிய மன்றாட்டெல்லாம் மறந்துபோய்
என் வாயில் வந்தது இதுதான்:
'எங்க கடற்கரைக்கு நீர் வந்தீரு.
நாங்க மறுவீடு வர இவ்வளவு காலம் ஆயிப்போச்சு.'
பெர்க்மான்ஸ் சிரித்ததில் காவல்காரர் திரும்பிப் பார்த்தார்.

அங்கே ஏற்றிய இரண்டு மெழுகுதிரியில்
ஒன்று ஓமனாவுக்கு.
வெள்ளறடைக்காரி. பக்கத்துக் கட்டில்.
சந்தனப்பொட்டு அழியாமல் படுத்துக்கொண்டு
என் ஜெபமாலையை வாங்கி உருட்டுவாள்.
ஜெபம் ஒன்றும் தெரியாது,
கையில் இருந்தால் ஒரு ஆசுவாசம் என்பாள்.
பதினான்காவது தடவை நான் போனபோது
அந்தக் கட்டிலில் வேறொருத்தி உறங்கிக்கொண்டிருந்தாள்.

இதை எப்படி எழுத?
தந்ததற்கு நன்றி, எழுதலாம்.
எடுத்ததற்கு என்று எழுத என் கை வராது.
நீரும் எதிர்பார்க்க மாட்டீர் என்றுதான் நினைக்கிறேன்.
எதிர்பார்த்தால்,
அதை நாம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பீடச்சிறுவன் பெட்டியோடு வரிசை வரிசையாக வருகிறான்.
அவசரத்தில் எழுதினேன்:
'ஆண்டவரே, போய்விட்டு வந்தேன்.'
கீழே மிச்சமிருந்த இடத்தில்
'ஓமனா.'
பெர்க்மான்ஸ் எட்டிப் பார்த்தார்.
"இவ்வளவுதானா?"
"இடம் இல்ல."

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி,
கடலில் வள்ளங்களின் ஹாரன்,
யாரோ கொளுத்திய வெடிக்கு அழுத ஒரு கைக்குழந்தை.
வாசலில் கட்டன்சாயாவும் கேக்கும்.
முக்காடு நழுவியது. விட்டுவிட்டேன்.
அரை விரற்கடை முளைத்திருக்கிறது,
கொஞ்சம் சுருட்டையாக, முன்பு இல்லாதபடி.

ஜனவரி ஒன்பது மறுபரிசோதனை.
ரயில் சீட்டு எடுத்தாயிற்று.
எந்தப் பக்கத்தில் வைப்பது என்று
இனிதான் பார்க்க வேண்டும்.